நாலாம் சரணம்

நீங்கள் நம்பப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். வேறு யாராவது இதைச் சொல்லி நான் கேட்டிருந்தால், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து போயிருப்பேன். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. ஒருத்தி எழுந்து, கனவில் வெள்ளை அங்கிக்காரர் வந்து தலையைத் தொட்டார் என்பாள், இன்னொருத்தர் தன் வண்டி பள்ளத்தில் விழ இருந்தபோது ஒரு கை வந்து தாங்கியது என்பார், நான் பின்வரிசையில் உட்கார்ந்து பைபிளால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன். கடவுள் இருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஆனால் அவருக்கு இதைவிட முக்கியமான வேலைகள் இருக்கும் என்பது என் எண்ணம். பேய், ஆவி, காத்து, கருப்பு எதையும் நான் நம்பியதில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் அமாவாசைக்கு நடுத்தெருவில் பூசணிக்காய் உடைத்தால், ஐயோ, நம் வீட்டுக்காரர் வண்டி அதில் சறுக்கிவிடப் போகிறதே என்றுதான் எனக்குத் தோன்றும். அப்படிப்பட்ட ஆள்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை, மழை பெய்யவில்லை, கரண்ட் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயில், மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. நான் மட்டும் தனியாக இருந்து கேட்டேன் என்றால் தூக்கமில்லாத மூளை ஏதோ செய்துவிட்டது என்று நானே சொல்லியிருப்பேன். அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லாருமே கேட்டார்கள்.

நாங்கள் இருப்பது செவிலிமேட்டில், வாடகை வீடு, மாடி போர்ஷன். என் வீட்டுக்காரர் சேகர், ஒரு கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, மாலையில் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது. நான் வீட்டிலிருந்தே பட்டுப் புடவைகளுக்கு முந்தானையில் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறேன், காஞ்சிபுரத்துப் பெரிய கடைகளிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அழுது முடித்துப் பல வருஷம் ஆகிறது, நீங்கள் பரிதாபப்பட வேண்டாம்.

ஒரு நாள் பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர், தலை வலிக்குது எஸ்தரு, ஒரு காபி போடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் காபியோடு வருவதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் வைத்திருந்தோம். உயிர் தங்கியது, ஆள் திரும்பி வரவில்லை. கண் பாதி திறந்திருக்கும், ஆனால் நான் குனிந்து எதிரே நின்றாலும் அந்தக் கண் என்மேல் வந்து நிற்காது. கடைசியில் டாக்டர் மெதுவாக, இனிமேல் இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லைம்மா, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். மூக்கில் குழாய் வைத்து, அதில் கஞ்சி ஊற்றுவது எப்படி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள்.

முதலில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எங்கள் சபையில் ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால் சாயங்காலம் போய்ப் பாடுவது வழக்கம். ஆனால் அவரோ சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. எத்தனை நாள்தான் வருவார்கள்? அவர்களுக்கும் வேலை வெட்டி இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது. தினமும் என்பது வாரத்துக்கு ஒருமுறை ஆனது, பிறகு போனில் மட்டும் விசாரித்தார்கள், பிறகு அதுவும் குறைந்தது. யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். எல்லார் மேலும் கோபம் இருந்தது, பஸ்ஸில் போகிறவர்கள் மேல்கூட இருந்தது.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிந்ததும் ஆண்களும் பெண்களும் கம்பெனி பஸ்ஸிலும் டவுன் பஸ்ஸிலும் ஏறிப் போய்விடுவார்கள், பிள்ளைகளை ஸ்கூல் வேன் அள்ளிக்கொண்டு போய்விடும், அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் தெருவில் ஒரு நாய் இருக்கும், நான் இருப்பேன். கட்டில் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து குஞ்சம் கட்டுவேன். ஆரம்பத்தில் அவரோடு பேசிக்கொண்டே கட்டினேன், இந்தப் புடவை என்ன கலர் பாருங்க, இத எவ கட்டப் போறாளோ என்று. பதில் வராத இடத்தில் எத்தனை நாள் பேச முடியும், நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு நின்றுபோனது. சாயங்காலம் பால்காரரிடம் அரை லிட்டர் என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் அடைத்துக்கொள்ளும், அப்போதுதான் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது தெரியும்.

இப்போது அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது தெரியாமல் இது உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஜனங்கள் கிறிஸ்தவர்கள் ஆன காலத்தில், அதாவது எங்கள் தாத்தாக்களுக்கும் தாத்தா காலத்தில், ஈசாக்கு உபதேசியார் என்று ஒருவர் இருந்தார். நிலம் இல்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரப் பாதிரிமார் டவுனில் இருப்பார்கள், இவர்தான் கிராமம் கிராமமாக நடந்து போய் ஜெபம் நடத்துவார். இங்கிருந்து ஓரிக்கை வழியாகப் பாலாற்றில் இறங்கி ஏறி, மாகறல் பக்கத்துச் சேரிகள் வரைக்கும் நடை. படம் கிடையாது, கல்லறை எது என்று தெரியாது, அவர் கட்டிய ஒரே ஒரு பாட்டு மட்டும் இருக்கிறது. அச்சுப் போட்ட பாட்டுப் புத்தகம் எதிலும் அது இல்லை. எங்கள் பக்கத்தில் நாலைந்து சபைகளில் வாய்வழியாகப் பாடிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

பல்லவி கிடையாது, நாலே நாலு சரணம். முதல் சரணம் 'இன்னும் ஒரு காதம் உண்டு, எழுந்து வா என் நெஞ்சே' என்று ஆரம்பிக்கும். காதம் என்றால் அந்தக் காலத்துத் தூரக் கணக்கு. முதல் மூன்று சரணமும் இப்படித்தான், கால் கொப்புளித்தாலும் நட, ஆற்றில் தண்ணீர் ஏறினாலும் நட, துணைக்கு ஒருவரும் இல்லை என்றாலும் நட. விடாமல் போய்க்கொண்டே இருக்கச் சொல்லும் பாட்டு. பஞ்ச காலத்தில் அவர் மனைவி ஊரில் காய்ச்சலாகப் படுத்திருக்க, டவுனில் பாதிரியாரிடம் மருந்து வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது, கால் நிற்காமல் இருப்பதற்காகத் தனக்குத்தானே அதைக் கட்டிப் பாடிக்கொண்டு வந்தார் என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கும் பாடுவாராம். அவர் பாடும்வரை அந்த அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாளாம். ஒருமுறை வழியில் நேரமாகிவிட்டது. அவர் ஊருக்கு இன்னும் ஒரு காதம் இருக்கும்போதே அவள் போய்விட்டாள். அந்த அம்மாளின் பெயர் என்ன என்று நான் கேட்காத ஆள் இல்லை, ஒருவருக்கும் தெரியவில்லை.

நாலாம் சரணத்தை அவளைப் புதைத்த இடத்தில் நின்று கட்டினார் என்பார்கள். 'காதமெல்லாம் தீர்ந்ததையா, கதவு திறந்தருளும்' என்று ஆரம்பிக்கும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். வீட்டிலும் கோயிலிலும் மூன்று சரணத்தோடு நிறுத்திவிடுவோம், நாலாவதைக் கல்லறைத் தோட்டத்தில், கடைசிப் பிடி மண் விழும்போது மட்டும்தான் பாடுவோம். குழந்தைகள் தெரியாமல் வீட்டில் பாடிவிட்டால்கூட வாயிலேயே ஒன்று விழும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பாட்டைத் தெரிந்துதான் பாடுகிறோம் என்றாலும், ஒருவர் ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் முதல் அடியைப் பேச்சுபோல வேகமாகச் சொல்வார், உடனே மற்றவர்கள் அதை எடுத்துப் பாடுவார்கள். அடி எடுத்துக் கொடுப்பது என்போம். படிப்பு இல்லாத ஜனங்களுக்காக அந்த உபதேசியார் ஆரம்பித்து வைத்தது, இன்றைக்கு எம்.எஸ்ஸி. படித்த பெண்கூட அடி கொடுக்காமல் வாயைத் திறக்க மாட்டாள். கொடுத்த அடியைப் பாடுவது எங்களுக்குக் கொட்டாவி மாதிரி, யோசித்துச் செய்வதில்லை.

என் வீட்டுக்காரரின் அக்கா ரூபி, என்னைவிட மூத்தவர், டவுனில் இருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டது கிடையாது. கடைசி வரைக்கும் விடாமல் வந்துகொண்டிருந்தது அவர் மட்டும்தான். ஒரு நாள் கட்டிலில் தம்பியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"எஸ்தரு, கோச்சிக்காத. ஜெபராஜ் அண்ணன வரச் சொல்லி நாலாவதப் பாடிடலாமா?"

எனக்குப் புரிந்தது. இப்படி இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு, வீட்டார் சம்மதித்தால், கட்டிலைச் சுற்றி நின்று நாலு சரணத்தையும் பாடி அனுப்பிவைப்பது என்று ஒன்று எங்கள் ஆட்களிடம் எப்படியோ வந்துவிட்டது. போதகர்களுக்குப் பிடிக்காது, அதனால் அவர்களிடம் சொல்வதில்லை. பாடிய இரண்டொரு நாளில் முடிந்துவிடும் என்பார்கள். நான் அதையும் நம்பியதில்லை. சாகக் கிடப்பவர் சாகத்தானே போகிறார், பாடினால் என்ன, பாடாவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறேன்.

"டாக்டர் அப்டி ஒண்ணும் சொல்லலயே அக்கா."

"டாக்டரு இன்னா சொன்னாரு? வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்கன்னாரு. அதுக்கு இன்னாமா அர்த்தம்? இவன் உள்ளாற நடந்துக்கினே கிடக்கிறான் எஸ்தரு, எங்கயும் போய்ச் சேராம. நாமதான் விடணும்."

நான் முடியாது என்றேன். கொஞ்சம் கத்தியே சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில், அவரைப் புரட்டும்போது முதுகுக்குக் கீழே தோல் உரிந்து புண் ஆரம்பித்திருப்பதைப் பார்த்தேன். ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து எழுந்து புரட்டிய முதுகு அது. மருந்து போட்டேன், துணி மாற்றினேன், பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் குழாயைத் திறந்துவிட்டேன் என்று யோசித்தால் இப்போது சிரிப்பு வருகிறது, கேட்பதற்கு அங்கே யார் இருந்தார்கள்? எழுந்து வந்து அக்காவுக்குப் போன் செய்து, வரச் சொல்லுங்க என்றேன். ஒரு உயிர் அப்படிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சம்மதம் அன்பு இல்லாமல் வந்ததில்லை. இன்றைக்கும் அது தப்பென்று நான் நினைக்கவில்லை. நான் பாட மாட்டேன், அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாப்பாட்டுக்கு மேல் வந்தார்கள். ரூபி அக்கா, அவர் வீட்டுக்காரர், சபையில் எனக்கு நெருங்கிய பெண்கள் சிலர், ஜெபராஜ் அண்ணன். ஜெபராஜ் அண்ணன் ரிடையர் ஆன தபால்காரர், சபையில் அவர்தான் எப்போதும் அடி எடுத்துக் கொடுப்பார், கணீரென்ற குரல், மூக்கால் கொஞ்சம் பேசுவார். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் பாதத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் பாட்டு வராது, நிறுத்துங்கள் என்றுதான் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஜெபராஜ் அண்ணன் முதல் அடி கொடுத்தார், பாடினார்கள். இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவது முடிந்ததும் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்போது அடி வந்தது.

'இன்னும் ஒரு காதம் உண்டு, எழுந்து வா என் நெஞ்சே.'

வயதான ஆண் குரல், கரகரவென்று, காதம் என்கிற சொல்லை யாரும் இழுக்காத மாதிரி இழுத்துச் சொன்னது. எல்லாரும் உடனே முதல் சரணத்தை எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். நான்தான் சொன்னேனே, கொடுத்தால் பாடிவிடுவோம். பாடப் பாடத்தான் முகங்கள் மாறின, ரூபி அக்கா பாடிக்கொண்டே ஜெபராஜ் அண்ணனை முறைத்தார், அவர் பாடிக்கொண்டே தலையை ஆட்டினார். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஜெபராஜ் அண்ணனே அடி கொடுத்தார், மூன்றாவது முடிந்தது, இந்தத் தடவை அவர் உடனே நாலாவதை எடுக்க மூச்சை இழுத்தார். அவர் வாயிலிருந்து சொல் வருவதற்கு முன்னால் மறுபடியும் அந்தக் குரல். மறுபடியும் முதல் அடி. மறுபடியும் பாடினார்கள்.

மூன்றாவது சுற்று முடிந்ததும் ஜெபராஜ் அண்ணன் தோள் துண்டை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டார், தான் இல்லை என்று எல்லாருக்கும் காட்டத்தான். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் கண்ணெதிரே அவர் வாய் மூடியிருக்கும்போது அடி வந்தது. பாடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே பாடினாள், நிறுத்தத் தெரியவில்லை. அந்தச் சுற்றில் மூன்றாவது சரணத்தின் நடுவில் ஜெபராஜ் அண்ணன் கையைத் தூக்கி, போதும், ஜெபம் பண்ணுவோம் என்று பாட்டை அப்படியே அறுத்தார். அதுதான் எங்கள் சபையில் அந்தப் பாட்டு பாதியில் நின்ற ஒரே தடவை.

அதற்குப் பிறகு சமையலறையில் நடந்ததைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

"இன்னாண்ணா இது, நாலாவது மறந்துட்டியா? சாவு வூடுன்னு பயந்துக்கினியா?" என்று ரூபி அக்கா பிடித்துக்கொண்டார்.

"நான் வாயே தொறக்கலமா! துண்டு வெச்சிக்கினு இருந்தேன், பாத்த இல்ல?"

"அப்போ யாரு?"

"எனக்குப் பின்னாடி யாரோ. என் பிடரியிலயே கேட்டுச்சி."

அவருக்குப் பின்னால் சுவர். அக்கா பாத்ரூம் பக்கமிருந்து வந்தது என்றார், அழுத பெண் கட்டிலுக்கு அடியிலிருந்து என்றாள், அக்கா வீட்டுக்காரர் கீழ்வீட்டு டிவியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, யாரும் ஒத்துக்கொள்ளாததால் டீயைக் குடித்தார். எனக்குக் கேட்டது மாடிப்படியிலிருந்து. படியேறி வருகிற ஆள், உள்ளே நுழைவதற்குள் நேரமாகிவிடுமோ என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்ட மாதிரி. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். படியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, தெருவில் நாய் படுத்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது ஜெபராஜ் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "ஈசாக்கு உபதேசியாரு இத கட்டிலாண்ட பாடச் சொல்லி ஒருக்காலும் சொல்லலமா. நடுவுல நம்ம ஆளுங்கதான் ஆரம்பிச்சிக்கினாங்க."

செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன மனுஷன் செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் பிடித்தா வந்தார் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன், அதே கட்டில், அதே குழாய், அதே நான். வந்தவர்கள் இருந்த இடமெல்லாம் முன்பைவிட வெறிச்சென்று இருந்தது. அன்றைக்குப் போல் தனியாக நான் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. சரி, கஞ்சி ஊற்றும் நேரம் என்று எழுந்து காய்ச்சினேன்.

அவர் பிழைத்தார். உடனே எழுந்து உட்கார்ந்தார் என்று சொல்ல மாட்டேன், சாட்சி சொல்கிறவர்களிடம் விட்டுவிடுகிறேன் அதை. கொஞ்ச நாள் கழித்து ஒரு நாள் காலையில் நான் ஜன்னல் திரையை விலக்கும்போது அவர் கண் என் கூடவே வந்தது. நான் நகர்ந்தேன், கண்ணும் நகர்ந்தது. நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பைத்தியக்காரி மாதிரி நடந்து நடந்து பார்த்தேன், அது விடாமல் வந்தது. அப்புறம் எச்சில் விழுங்கினார், விரல் அசைந்தது, குழாய் எடுத்தார்கள். டாக்டரிடம் கேட்டேன். வீக்கம் வடிந்தால் சில பேர் இப்படித் திரும்புவதுண்டு, எங்களாலேயே முன்கூட்டிச் சொல்ல முடியாது, நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்றார். எனக்கு அந்தக் காரணம் போதும். இன்றைக்கும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பேச்சு வர ரொம்ப நாள் ஆனது. முதலில் ஒற்றை ஒற்றைச் சொல், அப்புறம் துண்டு துண்டாக வாக்கியம். இடது கை இன்னும் வரவில்லை, பஸ் ஓட்ட முடியாது, ஒரு கடையில் உட்கார்ந்து பில் போடுகிறார். அன்றைக்கு நடந்ததை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன்னை அனுப்பிவைக்கத்தான் வந்தோம் என்றா? ரூபி அக்கா அந்தப் பேச்சே எடுக்க மாட்டார், அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் தோசை பிய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். தானாகவே ஆரம்பித்தார்.

"நான் படுத்துக்கினு இருந்தப்போ, ஒரு நாளு எல்லாரும் வந்து பாடினீங்க இல்ல?"

ஆமா, அடிக்கடி வந்து பாடினாங்க என்றேன்.

"அது இல்லபா. ஒரு நாளு நாலாவதும் பாடினீங்க. முழுசாப் பாடி முடிச்சிட்டீங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அறையில் நாலாம் சரணத்தின் ஒரு சொல்லைக்கூட யாரும் பாடவில்லை. அவர் நிறுத்தவில்லை.

"கதவு தொறந்துச்சி எஸ்தரு. வெளிச்சமா, நல்லா இருந்துச்சி. நானும் எழுந்து ஒரு கால உள்ள வெச்சிட்டேன். நீதான் விடல. பின்னாடி நின்னுக்கினு அடி எடுத்துக் கொடுத்த. முதல் அடி. கொடுத்துக்கினே இருந்த. கொடுத்தா பாடணுமே, அதான் திரும்பிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும் இப்போது. நல்லா கேட்டுச்சா, ஆம்பள குரலா இருந்திருக்கும் என்றேன்.

"உன் குரல் எனக்குத் தெரியாதா? உன் குரல்தான். ஆனா உனக்கு பயங்கரமா மூச்சு வாங்கிச்சி. எங்கிருந்தோ ஓடியாந்த மாதிரி. எங்க போயிருந்த அன்னைக்கு?"

எங்கும் போகவில்லை. அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன், வாயில் துணி இருந்தது, அதைக் கடித்த இடத்தில் ஜரிகை பிரிந்துபோய் அந்தப் புடவையையே பிறகு நான் கட்டவில்லை. அவரை அழைத்தது நான் இல்லை. நான் சரி என்று சொன்னவள். அவரைப் போகவிடாமல் அடி கொடுத்தவள் வேறு யாரோ, என் குரலில், எங்கிருந்தோ மூச்சிரைக்க ஓடிவந்து.

"நீதானே?" என்று அவர் மறுபடி கேட்டார்.

ஆமாம் என்றேன். அன்றிலிருந்து அவர் அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், என் பொண்டாட்டிதான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள் என்று, போன மாதம் கோயிலில் எழுந்து நின்று சாட்சியாகவும் சொன்னார், சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ரூபி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவர் தூங்கிய பிறகு, பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவருக்குக் கேட்காதபடி அந்த முதல் அடியை என் குரலில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் தூக்கத்திலேயே தலையை வாசல் பக்கம் திருப்பினார், நான் இருந்த பக்கம் இல்லை.